சியாவ் லுவோ வான்: கழுத்து நெறிக்கட்டுக்கான சீன மூலிகை மாத்திரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாவ் லுவோ வான் என்பது என்ன மருந்து?

கழுத்தில் மணிமணியாகக் கட்டும் நெறிகளைக் கரைக்கச் சீன மருத்துவர்கள் கொடுத்துவரும் தேன் மாத்திரை. மூன்றே சரக்குகள்: சுவான் ஷென் வேர், சுட்ட சிப்பி ஓடு (மு லி), பெய் மு கிழங்கு. மூன்றும் சம எடை. அன்ஹுய் மாகாணத்து ஷெ சியென் பகுதியைச் சேர்ந்த செங் குவோபெங் என்ற மருத்துவர் 1732-இல் எழுதிய ‘யிசுவே சின்வு’ நூலில் இந்த முறை இருக்கிறது. ‘வான்’ என்றால் உருண்டை மாத்திரை; கஷாயமாகக் காய்ச்சினால் அதையே ‘தாங்’ என்பார்கள்.

சீன மருத்துவத்தில் இந்த நெறிக்கட்டுக்குச் சொல்லும் ‘லுவோ லி’ என்பது நம் ஊரில் சொல்லும் கண்டமாலைதானா?

பெரும்பாலும் ஆம். கழுத்தின் பக்கவாட்டில், காதுக்குக் கீழிருந்து காறையெலும்பு வரை, கோத்த மணிபோல் வரிசையாக வீங்கும் கட்டிகளையே இரண்டு மரபும் சொல்கின்றன. வலி குறைவு, வளர்ச்சி மெது, சில மாதங்களில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடைசியில் தோல் சிவந்து உடைந்து சீழ் வடியும். இன்று அப்படி ஒருவர் வந்தால் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது நிணநீர்க் கணுக் காசநோயைத்தான் (நெறி கட்டுவது இந்தக் கணுக்களில்தான்).

செங் குவோபெங் காலத்தில் காசநோய்க் கிருமி என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அதைக் கண்டறிந்து அறிவித்தது 1882-இல். ஈரல் வெப்பம் உடம்பின் ஈரத்தை வற்றவைக்கிறது, வற்றிய ஈரம் கெட்டிச் சளியாகிக் கழுத்தில் உறைகிறது என்பது அவருடைய விளக்கம். மூன்று சரக்கும் அந்த விளக்கத்தை ஒட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவை. இந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று புரிந்துகொள்ள இது போதும். கட்டியின் கெட்டித்தன்மையைக் குறிவைத்து எழுதப்பட்ட மருந்து இது. கிருமியைக் குறிவைத்தது அல்ல.

கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. உடனே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். நெறி ஏன் கட்டியது என்று தெரியும்வரை இதைத் தொடவே கூடாது. தொண்டைப் புண், சொத்தைப் பல், தலையில் பேன் கடித்துச் சொறிந்த புண் ஆகியவற்றால் கட்டும் நெறி, மூல காரணம் ஆறியதும் 2 அல்லது 3 வாரத்தில் தானாக இறங்கிவிடும். அதற்கு மருந்தே தேவையில்லை. பல்லுக்கும் பேனுக்கும்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

பெரியவர்களிடம் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்: வெளிப்படையான காரணம் இல்லாமல் 2 வாரத்துக்கு மேல் நீடிக்கும் கட்டி, 1.5 செ.மீ.-க்கு மேல் அளவு, கல்போல் கெட்டியாக, விரலால் தள்ளினால் நகராமல் இருப்பது, மேல்தோலில் புண். காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் கட்டி வந்தால் அளவைப் பார்க்கவே வேண்டாம். இடது பக்கமாக இருந்தால் வயிற்றுப் புற்றுக்கும் அது அடையாளமாக இருக்கலாம். மாலைக் காய்ச்சல், இரவில் உடை நனைய வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் காசநோயையும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றையும் பார்த்தே ஆக வேண்டும்.

சோதனை பெரிய வேலை இல்லை. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல் எடுத்துப் பார்ப்பது, அந்த மாதிரியிலேயே ஜீன் எக்ஸ்பெர்ட் என்ற மரபணுச் சோதனை மூலம் காசநோய்க் கிருமியைத் தேடுவது, மார்பு எக்ஸ்ரே, எச்.ஐ.வி. சோதனை. லிம்ஃபோமா என்று சந்தேகம் வந்தால் ஊசி போதாது. கணுவை முழுதாக எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான சோதனையும் மருந்தும் இலவசம்.

மூன்று மாதம் மூலிகை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு போகலாம் என்று இருப்பதுதான் இந்த மருந்தால் நேரக்கூடிய பெரிய கேடு. சரக்குகளால் வரும் கேடு அதன் பக்கத்தில் நிற்காது.

அப்படியானால் யாருக்குத்தான் இது?

சோதனையில் ஆபத்தானது எதுவும் இல்லை என்று உறுதியாகி, ஆனாலும் கணு வற்றாமல் நிற்பவர்களுக்கு. தைராய்டில் சாதாரண முடிச்சு இருந்து ‘சும்மா கவனித்து வாருங்கள்’ என்று சொல்லப்பட்டவர்களுக்கு. சீன மருத்துவர்கள் இன்று பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களுக்கே கொடுக்கிறார்கள். அதிலும் வாய் வறட்சி, நாக்கு சிவந்து அதன் மேல் படியும் மாவு குறைந்திருப்பது, எரிச்சல் சுபாவம் உள்ள உடம்பைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். வயிறு எப்போதும் குளிர்ந்து, மலம் இளகிப் போகிறவர்களுக்கு இதை எழுதவே தயங்குவார்கள்.

ஒவ்வொரு சரக்கும் என்ன வேலை செய்கிறது?

சுவான் ஷென்: ஸ்க்ரோஃபுலாரியா நிங்போஎன்சிஸ் என்ற செடியின் வேர். உவர்ப்பும் கசப்பும் இனிப்பும் கலந்தது, குளிர்ச்சி. வெப்பத்தைத் தணித்து ஈரத்தைத் திருப்பித் தருவது அதன் பொறுப்பு. இதன் உறவுச் செடியான ஸ்க்ரோஃபுலாரியா நோடோசாவை ஐரோப்பியரும் கண்டமாலைக்கே பயன்படுத்திவந்தார்கள்.

மு லி: கடல் சிப்பியின் ஓடு. உவர்ப்பு கெட்டியானதை இளக்கும் என்பது சீன மருந்தியலின் அடிப்படை விதிகளில் ஒன்று. இந்த மருந்தில் கட்டியை இளக்கும் வேலை இதனுடையது.

பெய் மு: ஃப்ரிட்டிலாரியா இனக் கிழங்கு. கசப்பு, குளிர்ச்சி. சளியை உடைத்து முடிச்சைக் கலைப்பது.

பெய் முவில் எதை வாங்குவது? கடையில் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறதே?

விலை உயர்ந்தது சுவான் பெய் மு. மலைப் பகுதிகளிலிருந்து வரும் சிறு கிழங்கு, வறட்டு இருமலுக்கானது. உங்களுக்கு வேண்டியது மலிவானது: ஜெ பெய் மு, அதாவது ஃப்ரிட்டிலாரியா துன்பெர்ஜி, ஜெஜியாங் மாகாணத்தில் பயிராவது. பழைய நூலில் வெறுமனே ‘பெய் மு’ என்றுதான் இருக்கிறது. முடிச்சைக் கலைக்க ஜெ பெய் முவே வலுவானது என்று பிற்கால மருத்துவர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள். சுவான் ஷென்னும் ஜெ பெய் முவும் ‘ஜெஜியாங்கின் எட்டுச் சரக்குகள்’ பட்டியலில் சேர்ந்தவை. அந்த மாகாணத்துப் பான்ஆன் பகுதியில் இரண்டும் விளைகின்றன.

நல்ல சரக்கை எப்படித் தெரிந்துகொள்வது?

சுவான் ஷென்னை ஒடித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக, லேசான பளபளப்போடு இருக்க வேண்டும். கருகிய சர்க்கரை வாசம் வரும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் மைபோல் கறுக்கும். அறுவடை செய்த வேரைப் பாதி காயவைத்து, குவித்து மூடி ‘வியர்க்கவிட்டு’, மறுபடி காயவைத்து என்று பல முறை செய்தால்தான் அந்தக் கறுப்பு வரும். உள்ளே மஞ்சளாகவோ வெளுப்பாகவோ இருந்தால் அவசரமாகக் காயவைத்த சரக்கு.

ஜெ பெய் மு வெள்ளையாக, மாவாக உதிரும், கசக்கும். காகிதம்போல் பளிச்சென்று வெளுத்து, மூக்கில் புளித்த நெடி அடித்து, நாக்கில் புளித்தால் கந்தகப் புகை போட்டது. வாங்காதீர்கள். பழைய முறையில் தோல் சீவிய கிழங்கைச் சுட்ட சிப்பித் தூளோடு புரட்டி ஈரத்தை இழுத்துக் காயவைப்பார்கள். கந்தகப் புகை அந்த உழைப்பைக் குறைக்க வந்த குறுக்கு வழி.

சுட்ட மு லி சாம்பல் கலந்த வெள்ளையாக, விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். அரைத் தேக்கரண்டித் தூளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ‘உஸ்’ என்று சூடேறினால் அது மருந்து ஓடு இல்லை, சுட்ட சுண்ணாம்பு. வெற்றிலைக்குக் கிளிஞ்சலைச் சுடும்போது நடப்பதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது: சூடு 800 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் கால்சியம் ஆக்சைடாக மாறிவிடும். அது வாயையும் இரைப்பையையும் வேகவைத்துவிடும். இந்தக் காரணத்தால் ஓட்டை வீட்டு அடுப்பில் சுட முயல வேண்டாம், சுட்டதையே வாங்குங்கள்.

நூலில் ‘நான்கு லியாங்’ என்றிருக்கிறது. கிராமில் எவ்வளவு?

செங் குவோபெங் வாழ்ந்த சிங் அரச வம்சக் காலத்து லியாங் ஏறத்தாழ 37 கிராம், ஆகவே ஒவ்வொன்றும் 150 கிராம் அளவில். ஆனால் லியாங் இடத்துக்கு இடம் மாறும். சீனச் சந்தையில் இன்று ஒரு லியாங் 50 கிராம். சிங்கப்பூர், ஹாங்காங் மருந்துக் கடைகளில் 37.8 கிராம். மருந்துக் கணக்கில் சீன மருத்துவர் லியாங் என்று எழுதினால் 30 கிராம், சியென் என்றால் 3 கிராம். மாத்திரையில் மூன்றும் சம எடை என்பதால் தவறு நேராது. கஷாயச் சீட்டில்தான் நேரும். சீட்டைக் கிராமில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மாத்திரை உருட்டும் முறை?

மூன்றும் தலைக்கு 100 கிராம். செங் குவோபெங் சொன்ன பக்குவம்: சுவான் ஷென்னை ஆவியில் வேகவைப்பது, சுட்ட ஓட்டைக் காடி (வினிகர்) விட்டு அரைப்பது, பெய் முவின் உள்முளையை எடுத்துவிட்டு ஆவியில் வைப்பது.

சுவான் ஷென்னில்தான் வேலை கெடும். வெந்த வேர் பிசுபிசுப்பாகி, பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் மிக்ஸியில் போட்டதும் சூட்டில் இளகி உருண்டையாகிக் கத்தியில் சுற்றிக்கொள்ளும். மெல்லிய வில்லைகளாக அரிந்து, 60 டிகிரி சூட்டில், ஒடித்தால் ‘டக்’கென்று முறியும்வரை உலர்த்த வேண்டும். அரைக்கும்போது சிப்பித் தூளில் கொஞ்சம் சேர்த்து அரைத்தால் ஒட்டாது. ஓட்டில் காடி விட்டதும் நுரைக்கும். நுரை அடங்கும்வரை பொறுத்து, நன்றாகக் காயவைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். மூன்று தூளையும் மெல்லிய துணியில் சலியுங்கள். ஓட்டுத் தூள் நறநறவென்று பல்லில் பட்டால் மறுபடி அரைக்க வேண்டும்.

தேன் 350 கிராம் எடுத்துக்கொண்டால் காய்ச்சி 300-க்கு வரும். வெப்பமானியில் 116 முதல் 118 டிகிரி. மேலே வெளிர்மஞ்சள் நுரை சன்னமாகப் பொங்கும்; ஒரு சொட்டை ஆறவிட்டு இரு விரலால் தொட்டால் ஒட்டும், ஆனால் விரலைப் பிரித்தால் வெள்ளை இழை வராது. அந்தப் பதம். இழை வந்துவிட்டால் பதம் தாண்டிவிட்டது, மாத்திரை கல்லாகும். சூடாக இருக்கும்போதே தூளில் ஊற்றிப் பிசைந்து, மூடி அரை மணி நேரம் ஊறவிட்டு, 9 கிராம் உருண்டைகளாகப் பிடியுங்கள். சின்ன நெல்லிக்காய் அளவில் 66 வரும். தினம் இரண்டு என்றால் 33 நாளுக்கு.

உருட்டும்போது வெடித்தால் தேன் போதவில்லை. சிப்பித் தூளுக்குச் சுயமாக ஒட்டும் குணம் கிடையாது. கையில் ஒட்டிக்கொண்டு உருவம் நிற்காவிட்டால் தேன் சரியாகக் காயவில்லை. பத்து நாளில் பூஞ்சை பிடித்தால் தூளில் ஈரம் இருந்திருக்கிறது. பூஞ்சையைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடக் கூடாது, மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

தேனைக் காய்ச்சலாமா? நம் வைத்தியத்தில் கூடாது என்பார்களே?

நம் மரபில் கூடாது என்றுதான் சொல்வார்கள். சீன மருந்து தயாரிப்பில் காய்ச்சாத தேனில் மாத்திரை பிடிப்பதில்லை: தண்ணீர் மிச்சமிருந்தால் புளித்துப் பொங்கும், பூஞ்சை பிடிக்கும். மனம் ஒப்பாதவர்களுக்குக் கஷாயமே வழி.

கஷாயமாகக் காய்ச்சுவது எப்படி?

ஒரு நாளைக்கு: மு லி 30 கிராம், சுவான் ஷென் 15 கிராம், ஜெ பெய் மு 9 கிராம். பலர் சியா கு சாவ் (ப்ரூனெல்லா வல்காரிஸ் செடி) கதிர் 15 கிராம் சேர்ப்பார்கள். நெறிக்கட்டுக்கு அது தனியாகவே பேர்போன சரக்கு. கஷாயத்துக்குச் சுடாத ஓட்டையே இன்று அதிகம் எழுதுகிறார்கள். இளக்கும் குணம் பச்சை ஓட்டில் கூடுதல், சுட்டதில் இறுக்கிப் பிடிக்கும் குணம் கூடுதல் என்பது அவர்கள் கணக்கு.

ஓட்டை நொறுக்கி முதலில் தனியாக 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். மற்றவற்றை அதுவரை தண்ணீரில் ஊறவைத்து, பிறகு சேர்த்துச் சிறுதீயில் 25 நிமிடம். ஜெ பெய் முவை உடைத்துப் போடுங்கள். முதல் கஷாயத்தை வடித்த பின் மறுபடி தண்ணீர் விட்டு 20 நிமிடம் காய்ச்சி, இரண்டையும் கலந்து காலை மாலை என்று பிரித்துச் சாப்பாட்டுக்குப் பின் வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். மண்பானை நல்லது, எவர்சில்வரும் சரி. இரும்பு, அலுமினியம் வேண்டாம்.

மாத்திரையிலும் கஷாயத்திலும் அளவு ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

9 கிராம் மாத்திரையில் பாதி தேன். தினம் இரண்டு என்றால் தூள் 9 கிராம், அதில் ஓடு 3 கிராம் மட்டுமே. கஷாயத்தில் 30 கிராம் ஓடு போட்டாலும் தண்ணீரில் இறங்குவது மிகக் கொஞ்சம். மாத்திரையில் அந்த 3 கிராமும் அப்படியே வயிற்றுக்குள் போகிறது. கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம், ஆகவே நாளொன்றுக்கு 1.2 கிராம் வரை. பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவைக்குச் சமமான அளவு இது. ‘மூலிகைதானே’ என்று ஏற்கெனவே சாப்பிடும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து எடுப்பவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

யார் சாப்பிடக் கூடாது? எந்த மருந்தோடு சேராது?

சிறுநீரகக் கல், சிறுநீரகக் கோளாறு, இரத்தத்தில் கால்சியம் கூடுதல் உள்ளவர்கள் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். இதய மருந்தான டைகாக்சின், சிறுநீரைப் பெருக்கும் தயசைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் தேனைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த உருவிலும் கூடாது.

தைராக்சின் மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் அதை உறிஞ்சவிடாது. டாக்சிசைக்ளின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இதே சிக்கல்.

சீன மருந்தியலில் ‘பதினெட்டுப் பகை’ என்று ஒரு பழைய பட்டியல் உண்டு. பெய் மு, நச்சுள்ள சீன நாபிக் கிழங்குகளோடு சேரக் கூடாது. சுவான் ஷென் லி லு என்ற வேரோடு சேரக் கூடாது. இது ஏட்டோடு நிற்கும் எச்சரிக்கை அல்ல: கட்டிக்கென்று அதே கடையில் விற்கும் சியாவ் ஜின் வான் மாத்திரையில் பக்குவம் செய்த நாபி இருக்கிறது. இரண்டும் கட்டிக்குத்தானே என்று சேர்த்து வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

காசநோய் மருந்தோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

காசநோய் மருந்துக்குப் பதிலாக ஒருபோதும் கூடாது. கணுக் காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் ஐசோநியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் நான்கும். இவற்றில் முதல் மூன்றும் ஈரலைப் பாதிக்கக்கூடியவை. கூடவே மூலிகையும் போய் மஞ்சள்காமாலை வந்தால் எதனால் என்று பிரித்தறிய முடியாமல், உயிர் காக்கும் மருந்தையே நிறுத்த நேரும். எங்கள் கருத்து: அந்த 6 மாதமும் இதை ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சிகிச்சை சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சிலருக்குக் கணு முன்னைவிடப் பெரிதாகும், புதிதாக ஒன்று கிளம்பும். செத்த கிருமிகளுக்கு எதிராக உடம்பு காட்டும் வேகமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள். ‘இங்கிலீஷ் மருந்து பிடிக்கவில்லை’ என்று பலர் மூலிகைக்கு மாறுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான்.

பத்துச் சரக்குள்ள சியாவ் லுவோ வானும் இருக்கிறதே?

அது சாங் சிச்சுன் (1860–1933) என்ற பிற்காலச் சீன மருத்துவர் திருத்தியது. மு லி 10 லியாங், ஹுவாங் ச்சி 4, சுவான் ஷென் 3, பெய் மு, சான் லெங், எ ஜு, லுங் தான் சாவ் தலைக்கு 2, இரத்தப் பிசின் (சிவப்பு மரப்பிசின்), குந்துருக்கம், வெள்ளைப்போளம் தலைக்கு 1. கடல்பாசிக் கஷாயத்தில் விழுங்கச் சொல்கிறார். சான் லெங்கும் எ ஜுவும் இரத்தக் கட்டை உடைக்கும் சரக்குகள். கர்ப்பிணிகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து. கடல்பாசியில் அயோடின் மிகுதி. தைராய்டு நோயாளிகளுக்கு அது நிலைமையைக் கெடுக்கலாம். சாதாரணக் கட்டிக்கு இவ்வளவு படை தேவையில்லை.

என்ன பக்கவிளைவு வரும்?

அதிகம் காண்பது வயிற்றில்தான். சுவான் ஷென் மலத்தை இளக்கும், ஓடு மலத்தைக் கட்டும். எது மேலோங்கும் என்பது ஆளைப் பொறுத்தது. பசி மந்தம், வயிறு கனம் வந்தால் அளவைப் பாதியாக்குங்கள். அரிப்பு, தடிப்பு, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது என்றால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

கட்டி உடைந்து சீழ் வடிகிறது. இதைச் சாப்பிடலாமா?

இந்த முறை உடையாத கட்டிக்கானது. பிதுக்காதீர்கள், கீறாதீர்கள், மேலே எதையும் அப்பாதீர்கள். காசநோய்க் கணுவைக் கீறிவிட்டால் மாதக்கணக்கில் ஆறாத புரை வைத்துவிடும்.

எங்கே வாங்குவது?

சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் அரசு வாரியத்தில் பதிவு பெற்றவர்கள். சீட்டை அவரிடம் எழுதி வாங்கி, சரக்கை அவரிடமோ அருகிலுள்ள மருந்துக் கடையிலோ வாங்கலாம். மலேசியாவில் பொட்டலமாக விற்கும் மாத்திரையின் மேல் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் சுவான் ஷென்னோ ஜெ பெய் முவோ எதிர்பார்க்க முடியாது. சிப்பி ஓடு நம் சித்த மருத்துவத்தில் முத்துச்சிப்பிப் பற்பமாக இருக்கிறது, ஆனால் அதைக் கொண்டு இந்த மருந்தைப் பாதியாகச் செய்ய முடியாது. அதன் பக்குவமும் அளவும் வேறு. மில்லிகிராம் கணக்கில் கொடுப்பதை 3 கிராம் எடுத்துவிடக் கூடாது.

எத்தனை நாள் சாப்பிடுவது, எப்படிக் கவனிப்பது?

தொடங்கும் நாளில் அல்ட்ராசவுண்டில் கட்டியின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் எழுதி வையுங்கள். விரலால் தினம் தடவிப் பார்ப்பது பயன்படாது. தடவத் தடவ அது வலிக்கவும் வீங்கவும் செய்யும். 4 வாரத்தில் மறுபடி ஸ்கேன். குறைந்திருந்தால் இன்னும் 4 வாரம் தொடரலாம். அப்படியே இருந்தால் தொடர்வதில் பொருளில்லை. ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ கூடியிருப்பது அளக்கும் கையைப் பொறுத்த வித்தியாசமாக இருக்கலாம், ஆனாலும் அறிக்கையை எடுத்துக்கொண்டு முதலில் பார்த்த மருத்துவரிடமே போங்கள். கணுவின் உள்வடிவம் மாறியிருந்தால் ஊசிச் சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்வார். முதல் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது இரண்டாவது சோதனையைத் தள்ளிப்போடக் காரணமாகாது.